ராசியான கடை உண்டா?

கொழிஞ்சாம்பாறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாளையாரில் ஒரு லாட்டரிக் கடைக்குக் கோவையிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள். விற்பனைக்கு மீறித்தான் அங்கே பரிசு விழுகிறது. ராசி என்று ஒன்று இருக்கிறதா சார்?"

தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வந்தது. கேரளத்தில் 1967இலிருந்து அரசே நடத்துகிறது. எல்லைக் கடைகளில் கூட்டம் கூடுவதற்கு இது போதும்.

ஒரு கடையின் பரிசு எண்ணிக்கை சராசரிக்கு மேல் 3 திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) போனால், பள்ளிக் கணக்குப்படி அது 740இல் ஒரு முறை நடப்பது. ஆனால் அந்தக் கடையை நாம் முன்கூட்டியே குறித்து வைக்கவில்லையே! எல்லாக் கடைகளையும் பார்த்துவிட்டு, உச்சியில் நின்றதைப் பிடித்துக்கொண்டோம். ராசியே இல்லாத 100 கடைகளில்கூட முதலிடம் சராசரியாக 2.5 விலக்கம் மேலே நிற்கும். 10,000 கடை என்றால் சுமார் 3.85. உச்சங்களின் இந்த ஒழுங்கை 1928இல் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் டிப்பெட்டும் கண்டார்கள்.

அந்தக் கணக்கு, கடைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் பல கடைகள் ஒரே ஏஜென்டிடம் சீட்டு எடுக்கின்றன. கடைசி நான்கு எண்ணுக்கு விழும் பரிசு பக்கத்துக் கடைகளிலும் சேர்ந்தே விழலாம். இதற்கு 2013இல் செர்னோசுகோவ், செட்வெரிகோவ், கட்டோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டிய வழி எனக்கு உயிர்.

ஒரு பேரேடு போடுங்கள். ஒவ்வொரு குலுக்கலும் ஒரு வரி, ஒவ்வொரு கடையும் ஒரு பத்தி. கட்டத்தில், விழுந்த பரிசிலிருந்து விற்பனைப்படி எதிர்பார்த்ததைக் கழித்து எழுதுங்கள். பிறகு பத்தியின் சராசரியையும் கழித்துவிடுங்கள். ராசி ஏதும் இருந்தால் அதோடு போய்விடும். இப்போது மணி வளைவிலிருந்து (சராசரி 0, விலக்கம் 1) வரிக்கு ஒரு எண் எடுத்து, அந்த வரி முழுவதையும் அதே எண்ணால் பெருக்குங்கள். பத்திவாரியாகக் கூட்டி, அந்தந்தப் பத்தியின் விலக்கத்தால் வகுத்து, பெரியதைக் குறியுங்கள். இப்படி 1,000 முறை. மேலிருந்து 50ஆவது எண்தான் எல்லைக்கோடு. சராசரியைக் கழிப்பதற்கு முந்தைய கூட்டலை அதே விலக்கத்தால் வகுத்து, அது இந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

வரிக்கு ஒரே எண் என்பதில்தான் அழகு. அன்றைக்குச் சேர்ந்து ஏறிய இரண்டு கடைகள் பெருக்கிய பிறகும் சேர்ந்தே ஏறும், அல்லது சேர்ந்தே கவிழும். 1,000 கடைகளுக்குள் ஏறக்குறைய 5 லட்சம் ஜோடிகள். ஒன்றின் உறவைக்கூடத் தனியாகக் கணக்கிட வேண்டாம், பேரேடே சுமந்து வருகிறது. குலுக்கல்களைவிடக் கடைகள் அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை. கணக்கில் நுழைவது கடைகளின் எண்ணிக்கை அல்ல, அதன் மடக்கையின் அடுக்குதான். 1,000க்கு இயல்மடக்கை 7, 10 லட்சத்துக்கு 14.

ஒன்று மட்டும்: பம்பர் பரிசை இதில் சேர்க்கக் கூடாது. எப்போதோ ஒரு முறை விழும் பெரிய பரிசுக்கு இந்தத் தோராயம் பிடிபடாது. அடிக்கடி விழும் சின்னப் பரிசுகளை எண்ணுங்கள்.

ஆய்வகமோ கருவியோ கேட்காத இந்த மாதிரி ஆய்வுக்கு நம் கல்லூரிகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. மரபணு ஆய்விலும் ஆயிரக்கணக்கான அளவுகளில் உச்சத்தைப் பிடித்துத்தான் முடிவு சொல்கிறார்கள்.

சரி, வாளையார் கடைக்கு வருவோம். கோட்டைத் தாண்டினால்கூட, முதலில் விற்பனைக் கணக்கு சரியா என்றுதான் பார்ப்பேன். அதற்கும் முன்னால், அந்தச் சாலையில் பரிசே விழாத கடைகளின் கணக்கும் எனக்கு வேண்டும். வாசகர் அனுப்பிய படத்தில் அந்த ஒரு கடையின் வாசல் மட்டும்தான் இருக்கிறது.