இரைச்சல்: காதில் விழாத ஒரு சத்தம்

மங்கலான உள்ளரங்கில் எடுத்த இறகுப்பந்து ஆட்டப் படம் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். வீரரின் கருநீலச் சட்டையில் மணல் தூவியதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். உற்றுப் பார்த்தால் சில சிவப்பு, சில பச்சை. 'நாய்ஸ் வந்துருச்சு' என்போம். இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம்: முதல் இரண்டு எழுத்தைப் படித்ததுமே நாய் வந்து நிற்கிறது.

சத்தமே போடாத படத்துக்கு ஏன் இந்தப் பெயர்? ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சச்சரவு, கூச்சல் என்று பொருள். அதற்கும் மூலம், கப்பல் பயணக் குமட்டலைக் குறித்த லத்தீன் சொல்லான 'நாசியா' என்று அகராதிகள் பல கருதுகின்றன. காதைவிட்டு அந்தச் சொல்லை வெளியே இழுத்தவர்கள் மின்னணுவியல்காரர்கள். வெற்றிடக் குழாயில் மின்னோட்டம் சீராக ஓடாமல் துளித்துளியாக வருவதையும், அதனால் உண்டாகும் ஏற்ற இறக்கத்தையும் 1918இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வால்டர் ஷாட்கி விளக்கினார். ஒலிபெருக்கியில் அது நிஜமாகவே இரைச்சலாகக் கேட்கும். அப்புறம், தேவையான தகவலோடு ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத ஏற்ற இறக்கம் எதுவானாலும் அதே பெயர்தான். கேமராவில் ஒளியை வாங்கி மின்குறியாக மாற்றும் சென்சாரும் அதற்குத் தப்பவில்லை.

தமிழில் சத்தம், ஒலி, ஓசை எல்லாம் இருந்தும் இரைச்சல்தான் பொருந்தும் என்பேன். எரி, எரிச்சல் ஆவதுபோல இரை, இரைச்சல் ஆகிறது. கடல் இரைகிறது, மழை இரைகிறது என்கிறோம். இது எந்தத் துளியின் சத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒளியும் மழைபோலத்தான், தாறுமாறாகத் துளித்துளியாக விழுகிறது. அடைமழையில் தரை முழுக்க ஒரே ஈரம். தூறலில் இங்கே ஒரு பொட்டு, அங்கே நாலு பொட்டு. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது 1 சதவீதம். 100 துகள் மட்டும் விழுந்தால் அது 10, அதாவது 10 சதவீதம். கருநீலச் சட்டைமேல் விழுந்தது தூறல்.

ஆகவே இரைச்சலுக்கெல்லாம் காரணம் என்று ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவில் ஒளியுணர்வைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பைத் திட்டுவதில் பாதி அநியாயம். அது வானொலியின் ஒலியளவுத் திருகு மாதிரி. பாட்டு மெலிதாக வந்தால், திருகும்போது கரகரப்பும் சேர்ந்தே உயரும். இரைச்சலுக்குப் பயந்து ஐஎஸ்ஓ 1600இல் இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டுகிறவர்கள் உண்டு. பல கேமராக்களில் நிழல் பகுதி அதில் இன்னும் மோசமாகும். நேராக 6400 வைத்துச் சரியான வெளிச்சத்தில் எடுப்பதே மேல். விளையாட்டில் வேகமாகத் திறந்து மூடும் ஷட்டர்தான் ஒளியைத் தின்கிறது: 1/1000 நொடியிலிருந்து 1/500க்கு இறங்கினால் ஒளி இரட்டிப்பு. எஃப் 4 லென்ஸுக்குப் பதில், துளை இன்னும் அகலமாகத் திறக்கும் எஃப் 2.8 என்றால் இன்னொரு இரட்டிப்பு. வீரர் எம்பிக் குதித்து உச்சியில் ஒரு கணம் தங்குவார் பாருங்கள், அப்போது அழுத்தினால் 1/500லும் முகம் தெளிவாகவே வரும். இறகுப்பந்து கொஞ்சம் இழுபட்டால் படத்துக்கு வேகம்தான். ஆனால் கலங்கிய முகத்தை எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது.

பிலிமில் தெரியும் பொடி வேறு சங்கதி. அது வெள்ளி உப்புப் படிகங்களால் வருவது, அதைக் குருணை என்று சொல்லலாம்.

மென்பொருளில் செய்வதைப் பலர் இரைச்சல் நீக்கம் என்று எழுதுகிறார்கள். இரைச்சல் தணிப்பு என்பதே நேர்மையான சொல். வண்ணப் புள்ளிகளைத் தாராளமாகத் தணிக்கலாம். வெளிச்சப் புள்ளிகளில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும், இல்லாவிட்டால் வலையின் கண்ணிகள் கரைந்து, தலைமுடி மெழுகில் வார்த்ததுபோல ஆகிவிடும்.

எழுதும்போது 'பட இரைச்சல்' என்று பிரித்தே எழுதுங்கள். இலக்கணப்படி புணர்த்தி 'படவிரைச்சல்' என்று எழுதினால், ஏதோ ஓட்டப்பந்தயச் சமாச்சாரம் என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.