அபொரிஜினல் சமூகப் பணிக்குப் படிக்க விரும்புகிறீர்களா? யாருக்கு எந்தப் படிப்பு

ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான அபொரிஜினல் மக்களோடு வேலை செய்ய என்ன படிக்கலாம் என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு படிப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் டிப்ளமோவுக்கு ஒரு படி கீழான சர்ட்டிபிகேட் 4 என்ற தொழிற்கல்வித் தரம்தான். ஆனால் ஒன்றில் யாரும் சேரலாம். மற்றது அந்த மக்களுக்கென்றே அமைந்தது.

யாரும் சேரக்கூடியது சமூக சேவைப் படிப்பு. டேஃப் எனப்படும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளிலும் பதிவுபெற்ற தனியார் பயிற்சி நிறுவனங்களிலும் நடக்கிறது. வீடில்லாதவருக்குத் தங்க இடம் பிடித்துத் தருவது, அரசு உதவித்தொகை தரும் சென்டர்லிங்க் அலுவலகத்தின் படிவம் நிரப்ப உதவுவது, அடி உதைக்குத் தப்பி வந்த பெண்ணைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு இதுவே அடிப்படை. அபொரிஜினல் மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும் தங்கள் பண்பாடு மதிக்கப்படுகிறது என்று உணர்ந்து பயமின்றிச் சேவை பெறும்படி வேலை செய்வது (பண்பாட்டுப் பாதுகாப்பு) பற்றித் தனிப் பாடம் ஒன்று உண்டு. உங்கள் கல்லூரியில் அது விருப்பப் பாடமாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

மற்றது ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பில் நேரடிச் சிகிச்சைக்குத் தயார்செய்யும் சர்ட்டிபிகேட் 4. இதை முடித்தவர்களுக்கு 2012 ஜூலை 1 முதல் டாக்டர், நர்ஸ்களைப் போலவே தேசியப் பதிவு இருக்கிறது. அந்தப் பதிவைப் பெற அபொரிஜினல் அல்லது டோரஸ் தீவு மரபினராக இருக்க வேண்டும். தோல் நிறத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. வம்சாவளி, தன்னை அப்படி அடையாளப்படுத்திக்கொள்வது, சமூகம் ஏற்றுக்கொள்வது ஆகிய மூன்றும் வேண்டும். சமூக அமைப்பு ஒன்று முத்திரையிட்டுத் தரும் கடிதம்தான் வழக்கமான சான்று.

அந்த மக்களுக்கு மட்டும் என்று விளம்பரமாகும் வேலைகளும் உண்டு. இது பாகுபாடு இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. நியூ சவுத் வேல்ஸின் 1977 பாகுபாட்டுத் தடைச் சட்டமே 14ஆம் பிரிவில் இதற்கு இடம் தருகிறது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஏறத்தாழ 1970 வரை நலத்துறை அதிகாரியின் கார் வாசலில் நின்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறது என்று தாய்மார் நடுங்கினார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று அப்படிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்ததற்காக அன்றைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் கழுத்தில் அடையாள அட்டையோடு வருகிறவரைக் கண்டால் எழும் அச்சம் முழுக்கப் போய்விடவில்லை. சிட்னி ரெட்ஃபெர்னில் 1971இல் அந்த மக்களே தங்களுக்கென்று மருத்துவ சேவை தொடங்கியதும் வெளியாரின் சேவை அவர்களுக்கு உதவாததால்தான்.

களப்பயிற்சியில் இது நன்றாகத் தெரியும். அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டால், விட்டால் போதும் என்று எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' சொல்லிவிடுபவர்கள் உண்டு. அதை நம்பிப் படிவம் நிரப்பினால் பிழையாகத்தான் முடியும். பெண்களின் உடல்நலம் பற்றி ஆண் பணியாளர் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது. ஊரில் சாவு விழுந்தால் சந்திப்புகள் தள்ளிப்போகும். பல சமூகங்களில் இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், நீங்களும் சொல்லக் கூடாது.

செலவைப் பொறுத்தவரை, 2023இல் தொடங்கிய கட்டணமில்லா டேஃப் இடங்களில் பூர்வகுடி மக்களுக்கு முன்னுரிமை உண்டு. மற்றவர்களுக்கான தகுதி மாநிலத்துக்கு மாநிலம், விசாவுக்கு விசா மாறும். ஏஜென்ட் பேச்சை நம்பிப் பணம் கட்டுமுன் கல்லூரியிலேயே கேளுங்கள். அபொரிஜினல் மாணவர்களுக்கு 1969 முதல் இருந்துவரும் ஆப்ஸ்டடி உதவித்தொகைக்கு சென்டர்லிங்க் வழியாக விண்ணப்பிக்கலாம். வருமானம் பார்த்துத்தான் தருவார்கள். டார்வினுக்குத் தெற்கே உள்ள பேச்சலர் என்ற பூர்வகுடிக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் பாடங்களைப் பயிலரங்குகளாகத் தொகுத்து நடத்துவதால், ஊரையும் வேலையையும் விடாமல் வந்து படித்துப் போகலாம். ஊரில் பல வருஷமாக இதே வேலையைச் செய்தவர்கள், முன்அனுபவத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்டால் சில பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிராது.

சேரும்போது மாணவர் அடையாள எண் வேண்டும். இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். போலீஸ் சரிபார்ப்பும், சிறுவர்களோடு பணிபுரியும் அனுமதியும் கையில் இல்லாமல் பொதுவாகக் களப்பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். வடக்குப் பிரதேசத்தில் அந்த அனுமதிக்கு ஓக்கர் கார்டு என்று பெயர். வர நாளாகலாம், சேர்ந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.