பெட்டை நாய் எப்போது குட்டி போடத் தயார்?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் லேப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ வளர்க்கும் வீடுகளில், பெட்டைக்கு எட்டு ஒன்பது மாதம் ஆனதும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "ஹீட்டுக்கு வந்துடுச்சு டாக்டர், கிராஸிங் போட்டுடலாமா?" ஹீட் என்பது பெட்டை இணை சேரும் பருவம். முதல் ஹீட்டிலேயே சினை பிடிக்குமா என்றால், பிடிக்கும். ஆனால் அந்தச் சினையைத் தாங்கி, சிக்கலில்லாமல் ஈன்று, குட்டிகளுக்குப் பால் கொடுத்து, தானும் தேறி வரும் பலம் உடம்புக்கு அப்போதே வந்திருக்காது. பெரிய இன நாய்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு வருடம்கூட இடைவெளி இருக்கலாம்.

சினைப்பை சீக்கிரம் விழித்துக்கொள்கிறது. சிறிய இனங்களுக்கு ஆறு மாதத்திலேயே முதல் ஹீட் வரும். பெரிய இனங்களில் ஒரு வயதை ஒட்டி வரும், சிலவற்றுக்கு ஒன்றரை வயதுகூட ஆகும். எலும்புகள் அந்த வேகத்தில் முதிர்வதில்லை. கால் எலும்புகளின் முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. எலும்பு நீள்வது அங்கேதான். லேப், ஷெப்பர்ட் போன்ற நாய்களில் இவை முழுதாக மூட ஒன்றரை வயது வரை ஆகலாம். அதற்கு முன் சினை பிடித்தால் தன் எலும்புக்கும், வயிற்றுக் குட்டிகளின் எலும்புக்கும், அப்புறம் பாலுக்கும் தேவையான சுண்ணாம்புச் சத்தை அந்த இளம் பெட்டை ஒரே சாப்பாட்டிலிருந்து எடுக்க வேண்டும். பால் கொடுக்கும் மூன்றாம், நான்காம் வாரத்தில் வழக்கத்தைவிட இரண்டிலிருந்து நான்கு மடங்கு வரை தீனி தேவைப்படும். வளரும் நாய்க்கு இது பெரிய சுமை.

அதனால்தான் நாய் இனப்பெருக்கத்துக்காக மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகள், பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், கால்நடை மருத்துவர் பரிசோதித்துச் சான்று தந்திருக்க வேண்டும் என்கின்றன. எட்டு வயதுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. என்னைக் கேட்டால் பெரிய இனங்களுக்கு இரண்டு வயது வரை பொறுப்பது நல்லது. இடுப்பு மூட்டின் பந்து குழிக்குள் சரியாகப் பொருந்தாத ஹிப் டிஸ்ப்ளேசியா என்ற கோளாறு, லேப்பிலும் ஷெப்பர்டிலும் பரம்பரையாக வருகிறது. வெளியில் துள்ளி ஓடும் நாய்க்கும் எக்ஸ்ரேயில் மூட்டு தேய்ந்திருக்கலாம். இரண்டு வயதில் எடுக்கும் எக்ஸ்ரேதான் உறுதியான பதிலைத் தரும். வெள்ளை நிற ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்கள் காதையும் பார்க்க வேண்டும். தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உள்காதின் வேலைக்கும் தேவை. அவை உள்காதில் இல்லாமல் போவதால்தான் வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு கூடுதலாக வருகிறது. ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, வயது ஆகிவிட்டது. எந்த நாளில் சேர்ப்பது? இங்கேதான் மாடு வளர்த்த அனுபவம் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்வரும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பசு காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி போட வேண்டும். பசுவின் பருவம் முக்கால் நாள்தான் நீடிக்கும், அதனால் அந்த அவசரம் சரி. நாயின் ஹீட் மெதுவாக நகர்கிறது. முதலில் ஏறக்குறைய ஒன்பது நாள் இரத்தம் கசியும். இது பெண்களின் மாதவிலக்கு போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். மாதவிலக்கில் கரு தங்காததால் கருப்பையின் உள்படலம் உதிர்கிறது. நாயில் கருமுட்டை வெளியாவதற்கு முன்பே, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி, வீங்கிய படலத்திலிருந்து இரத்தம் கசிகிறது. அந்த நாட்களில் கடுவனைப் பக்கத்தில் விட்டால் பெட்டை சீறிக் கடிக்கும். அப்புறம் கசிவு வெளிறி, வாலை ஒருபக்கம் ஒதுக்கி நிற்கத் தொடங்கும்.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. நாயின் கருமுட்டை சினைப்பையை விட்டு வெளியே வரும்போது பழுத்திருப்பதில்லை. கருக்குழாயில் இரண்டு மூன்று நாள் இருந்து முதிர்ந்த பிறகுதான் விந்தணு உள்ளே நுழைய முடியும். "பதினொன்றாம் நாள், பதிமூன்றாம் நாள்" என்று எண்ணிச் சேர்ப்பது சில நாய்களுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. இரத்தக் கசிவே ஒன்றுக்கு நான்கு நாளில் முடியும், இன்னொன்றுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் போகும். நம்பகமான வழி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனை. ஹீட் தொடக்கத்தில் அதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்கும் குறைவாக இருக்கும். 2-ஐத் தொடும்போது முட்டை வெளியாக இரண்டு நாள் இருக்கிறது, 5-ஐ ஒட்டி ஏறும்போது வெளியாகிறது என்று கொள்ளலாம். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துச் சேர்த்தால் சினை பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஈற்று நாளையும் இதை வைத்தே கணிக்கலாம். முட்டை வெளியானதிலிருந்து 63 நாள், ஒரு நாள் முன்னேபின்னே.

வயதும் நாளும் சரியாக இருந்தாலும், நம் ஊரில் பலர் பார்க்காமல் விடுவது உண்ணியை. பழுப்பு நாய் உண்ணிக்கு வேலூரின் வெயில் மிகவும் ஒத்துப்போகிறது. நாயின் மேல் மட்டுமா இருக்கிறது? சுவர் விரிசலிலும் கூண்டின் இடுக்கிலும் குடியிருந்து, ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அது பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா வெள்ளையணுக்களுக்குள் தங்கி, இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கிறது. முதல் காய்ச்சல் தானாகவே அடங்கிவிடும். நாய் சாப்பிடும், விளையாடும். கிருமி மட்டும் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், உள்ளேயே இருக்கும். இப்படிப்பட்ட பெட்டைக்குச் சினை பிடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். சினைக் காலத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால், நல்ல நாய்க்கே சிவப்பணு விகிதம் இறங்கும். ஏற்கெனவே சோகை இருந்தால் அது இன்னும் கீழே போகும். தட்டணு குறைந்திருந்தால் ஈனும்போது இரத்தம் உறையாது, அறுவை செய்து குட்டியை எடுக்க நேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. இதற்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ வயிற்றுக் குட்டிகளின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் என்பதால், சினையின்போது மருத்துவர்கள் கூடியவரை தவிர்ப்பார்கள். ஆகவே ஹீட் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இரத்தம் எடுத்துப் பார்த்து, இருந்தால் சிகிச்சையை முடித்துவிட வேண்டும். இந்த ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

தடுப்பூசி என்றால் என்னவென்று ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1932 முதல் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் நிலையம் அங்கேதான் இருக்கிறது. நாய்க்கும் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசிகளைச் சேர்ப்பதற்கு முன்பே போட்டு முடித்திருந்தால், அந்த எதிர்ப்புச் சக்தி முதல் நாள் சீம்பால் வழியாகக் குட்டிகளுக்குப் போய்ச் சேரும்.

கடுவனையும் சோதிக்க வேண்டும். புருசெல்லா கேனிஸ் என்ற கிருமி கலவியில் பரவி, சினையின் கடைசி வாரங்களில் கருவைக் கலைக்கும். மனிதருக்கும் தொற்றும், முழுதாகக் குணமாக்குவது கடினம். இரண்டு நாய்க்கும் முன்கூட்டியே இரத்தம் பார்ப்பதுதான் வழி. தெருநாய்களிடம் பரவலாக இருக்கும் பால்வினைக் கட்டி இன்னொன்று. அதில் புற்றுநோய்ச் செல்லே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குத் தாவி வளர்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்கள்தான் இன்றும் உலகம் முழுக்க இப்படிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆறு மாதம் கடந்தும் ஒரு விதை கீழே இறங்காத கடுவன் வேண்டவே வேண்டாம், அந்தக் குறை குட்டிகளுக்கும் போகும். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டு மாதம் ஆகிறது. மே மாதம் உண்ணிக் காய்ச்சலில் படுத்த கடுவன் ஜூனில் பார்க்க நன்றாக இருந்தாலும், விந்தின் தரம் அதற்குள் மீண்டிருக்காது.

ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டையின் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை ஆம்பூர் வரைக்கும் கேட்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நாயில் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஹீட் முடிந்து இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் உயர்ந்தே இருக்கும். சினையாகாத நாய்க்கும் மடி ஊறிப் பால் வருவது இதனால்தான். கருப்பையில் சீழ் கட்டும் பயோமெட்ரா வருவதும் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். அதைத் தடுக்கும் வழி கருப்பையை எடுத்துவிடும் அறுவை. குட்டி வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அதையே செய்யலாம்.

குட்டி வேண்டும் என்பவர்கள் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். மார்ச்சில் சினை பிடித்தால் 63 நாள் கணக்கில் ஈற்று கத்திரி வெயிலில் வந்து விழும். வேலூரில் அப்போது 40 டிகிரி தாண்டுவது சகஜம். பிறந்த குட்டிகளால் முதல் இரண்டு மூன்று வாரம் தங்கள் உடல் வெப்பத்தைத் தாங்களே சீராக்க முடியாது. முதல் வாரத்தில் அவற்றைச் சுற்றி 30 டிகிரியை ஒட்டி இருந்தாலே போதும். தாயோ ஓயாமல் மூச்சிரைத்துக்கொண்டு, பால் கொடுக்கப் படுக்கவே மறுக்கும். மார்ச் ஹீட்டை விட்டுவிட்டால் அடுத்தது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வரும், ஈற்று நவம்பர், டிசம்பரில் அமையும். மழைக்கும் பனிக்கும் ஒரு பல்பும் காய்ந்த கோணிச் சாக்கும் போதும். மே மாதத்தில் ஷீட் கூரைக்குக் கீழே குட்டிகளைக் குளிர்ச்சியாக வைப்பதுதான் மிகவும் கஷ்டம்.