எம்ஃபிசீமா: தமிழில் காற்றுப்புடைப்பு

மூச்சு வாங்குகிறது என்று போகும் பெரியவர்களின் ஸ்கேன் அறிக்கையில் அடிக்கடி தென்படும் சொல் இது. மூலம் கிரேக்கம். ‘எம்’ என்றால் உள்ளே. ‘ஃபீசா’ என்றால் ஊதும் காற்று, கொல்லன் துருத்திக்கும் அதே பெயர். ஆக, ஊதிப் புடைத்தது என்று பொருள். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லாயெனெக் 1819இல் இந்த நுரையீரல் நோயை விவரித்து எழுதினார்.

தமிழில் ‘காற்றுப்புடைப்பு’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வீக்கம் என்றால் நீர் கோத்துக்கொண்டது போலத் தோன்றிவிடும்.

ஆனால் நோயின் உள்விவரத்தை நம் ‘நுரையீரல்’ என்ற சொல்லே காட்டிக்கொடுக்கிறது. டம்ளரில் ஆற்றி ஊற்றிய காபியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பொடி நுரைகள் உடைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிய குமிழிகளாகும். நுரையீரலின் கோடிக்கணக்கான காற்றறைகளுக்கும் இதுதான் நேர்கிறது. நடுச்சுவர்கள் அழிந்து, சுருங்கும் தன்மை போய்விடுகிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிடுகிறது.

சுவரை அழிப்பது யார்? வெள்ளணுக்கள் கிருமியை எதிர்க்க விடும் ஒரு நொதி, சுவருக்குச் சுருங்கும் தன்மை தரும் மீள்நாரையும் சேர்த்து அரிக்கும். அதைத் தடுக்கும் புரதம் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். அது பெரும்பாலும் உருவாவது கல்லீரலில். ஓர் ஈரல் செய்து அனுப்ப, இன்னோர் ஈரல் பிழைக்கிறது!

1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் இந்தப் புரதம் குறைந்த ஐந்து பேரைக் கண்டார்கள். மூவருக்குக் காற்றுப்புடைப்பு இருந்தது. காரணம் மரபணுவில் ஓர் எழுத்து மாற்றம். அதனால் புரதம் தவறாக மடிந்து கல்லீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. ‘இசட்’ எனப்படும் இந்த வகை வட ஐரோப்பியரிடம் அதிகம்.

இருபதுகளின் நடுவிலிருந்தே எல்லோருக்கும் ஊதும் திறன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இசட் வந்து, புகையும் பிடித்தால், எழுபதில் வரவேண்டிய இரைப்பு நாற்பதிலேயே வந்துவிடலாம். அதே மரபணுவோடு சிகரெட்டைத் தொடாமலே முதுமை வரை நன்றாக இருப்பவர்களும் உண்டு. இசட் இல்லாமலே இந்த நோய் வருபவர்களுக்கு ஒரே மரபணு என்று கை காட்ட முடியாது. நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகள் ஆளுக்கு இத்தனை என்று சேர்ந்து வேலை செய்கின்றன.

அப்புறம் ஒன்று: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (காற்றுப்புடைப்பும் இதில் அடங்கும்) இருப்பவர்கள் ஒரு முறையாவது இரத்தத்தில் இந்தப் புரதத்தின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.