படிக்காமலே மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் பேக்கப்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பச்சைத் தேயிலை போடும் சிறு விவசாயிகளின் கணக்கு, பட்டுவாடா, ஸ்கேன் செய்து வைத்த பழைய லெட்ஜர்கள் என்று கணினியில் 500 ஜிபி சேர்ந்துவிட்டது. சாயங்காலம் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி பேக்கப்பை ஓட்டினால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் அத்தனையையும் படிப்பதற்கே 83 நிமிடம் வேண்டும். அப்படியானால் அது கோப்புகளைத் திறந்து பார்க்கவே இல்லை.

இலைக் கொள்முதலில் மூட்டையைக் கொட்டி இலை இலையாகவா எண்ணுகிறார்கள்? எடையையும் சீட்டையும் பார்த்துப் பதிந்துகொள்கிறார்கள். பேக்கப் மென்பொருளும் அதைத்தான் செய்கிறது.

ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்துக்கு வெளியே ஒரு சிறு பதிவு உண்டு: அளவு, கடைசியாகத் திருத்திய நேரம், உரிமையாளர், அனுமதிகள், வட்டில் எங்கே இருக்கிறது என்ற விவரம். லினக்ஸில் இதற்கு ஐநோட் என்று பெயர். ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராசும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள், வேறெதுவும் சொல்லாவிட்டால் அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். இரண்டும் பொருந்தினால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில மென்பொருள்கள் ‘போன பேக்கப்புக்குப் பிறகு திருத்தியதா?’ என்று கேட்கும். ஆர்சிங்க் ‘நேரம் வேறாக இருக்கிறதா?’ என்று கேட்கும். ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போகிறது. மதர்போர்டின் பட்டன் பேட்டரியும் தீர்ந்திருந்தால், கரண்ட் வந்ததும் கணினிக் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். அந்த நிலையில் சேமித்த கணக்குக்குப் பழைய தேதிதான் விழும். முதல் வகை மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும், இரண்டாவது பிடித்துவிடும். வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். விளம்பரத்தில் இதை யாரும் எழுதுவதில்லை.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. பல பென் டிரைவ்களில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபேட்32 முறை, திருத்திய நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில்தான் குறிக்கும். அதையும் உள்ளூர் நேரமாகவே எழுதிவைக்கும். விண்டோஸ் வட்டுகளின் என்டிஎஃப்எஸ் முறை 100 நானோவிநாடி வரை நுட்பமாக, உலகப் பொது நேரத்தில் குறிக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு நகலெடுத்தால் விநாடிகள் ஒத்துப்போகாமல், தொடாத கோப்பெல்லாம் மாறியதாகத் தெரியும். புதுக் கணினியில் நேர மண்டலத்தைத் தவறாக வைத்துவிட்டால் மொத்தமும் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கலாம். அன்று இரவு பேக்கப் எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்கும்.

திருத்திய நேரத்தை யாரும் மாற்றி எழுதலாம் என்பது இன்னொரு பலவீனம். வேராகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருள் அதை வேண்டுமென்றே செய்கிறது: அதன் பூட்டிய பெட்டி வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோப்புதான்; உள்ளே நீங்கள் எதை மாற்றினாலும், அந்தக் கோப்பின் அளவும் மாறாது, நேரமும் மாறாது. அமைப்பில் போய் அந்த வசதியை அணைக்காவிட்டால் பேக்கப்புக்கு எதுவும் தெரியப்போவதில்லை. லினக்ஸ் இதற்காகவே சிடைம் என்று இன்னொரு நேரத்தையும் வைத்திருக்கிறது. அதைச் சாதாரணப் பயனர் நினைத்தபடி மாற்ற முடியாது. ஆனால் அனுமதியை மட்டும் மாற்றினாலும் சிடைம் நகர்ந்துவிடும் என்பதால், அதை நம்பும் மென்பொருள் உள்ளடக்கம் மாறாத கோப்பையும் சந்தேகப்படும்.

சந்தேகமே வேண்டாம் என்றால் உள்ளடக்கத்தைப் படித்து எஸ்ஹெச்ஏ-256 போன்ற கைரேகையைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை முழுவதும் வேறாகிவிடும். விலை அதே 83 நிமிடம். தினமும் முடியாது, மாதம் ஒரு முறை ஓட்டலாம்.

ஒவ்வொரு கோப்பின் பதிவையும் போய்ப் பார்ப்பதுகூட லட்சக்கணக்கில் கோப்பு இருந்தால் மெதுவாகத்தான் நடக்கும். எனவே இயங்குதளமே ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது. என்டிஎஃப்எஸ் வட்டில் யுஎஸ்என் ஜர்னல் என்ற மறைந்த கோப்பில் எந்தக் கோப்பு எப்போது மாறியது என்று வரிசையாகப் பதிவாகும். மேக்கில் எஃப்எஸ்ஈவென்ட்ஸ் அதைச் செய்கிறது. மேக்கின் பேக்கப் மென்பொருளான டைம் மெஷின் 2007-இல் வந்தபோது அதன் துணையோடுதான் வந்தது. பேக்கப் இந்தக் குறிப்பில் தான் விட்ட இடத்திலிருந்து வாசித்தால் போதும். ஜர்னலுக்கு இட வரம்பு உண்டு, பழைய வரிகள் அழிந்துகொண்டே போகும். மழை விடுமுறையில் பல நாள் பேக்கப் எடுக்காமல் விட்டால் விட்ட இடமே காணாமல் போயிருக்கலாம். அப்போது முழு வட்டையும் தேடுவதைத் தவிர வழியில்லை.

பேக்கப்பை மெதுவான இணையத்தில் கோயம்புத்தூரில் இருக்கும் கணினிக்கு அனுப்புவதென்றால் வேறு கணக்கு. ஆர்சிங்க் அங்கே இருக்கும் பழைய கோப்பைத் துண்டுகளாக்கி அவற்றின் கைரேகைகளை வாங்கிக்கொள்ளும். பிறகு புதுக் கோப்பில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து பொருந்தும் துண்டுகளைத் தேடும். நடுவில் ஒரு வரியைச் செருகியதால் பின்னாலிருப்பதெல்லாம் இடம் பெயர்ந்திருந்தாலும், உண்மையில் புதிதான பகுதி மட்டுமே கம்பியில் போகும்.

கண்ணில் படாத இணைப்புகளையும் மறந்துவிடக்கூடாது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு என்ற அடையாளத்தை விண்டோஸ் கோப்போடு ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத தனிப் பகுதியில் எழுதிவைக்கிறது; ஃபேட்32 டிரைவுக்கு நகலெடுத்தால் அது தொலைந்துபோகும். மேக், அதே டிரைவில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த குட்டிக் கோப்புகளைத் தனியாக விட்டுப்போகும். அவற்றைக் குப்பை என்று அழிப்பவர்கள் வண்ணக் குறிகளையும் சேர்த்து அழிக்கிறார்கள். ஆர்சிங்க்கில் ‘ஆர்க்கைவ்’ விருப்பத்தைப் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், கோப்போடு ஒட்டிய இத்தகைய கூடுதல் பண்புகளுக்கும், யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்களுக்கும் தனித்தனியாக வேறு இரண்டு விருப்பங்களைச் சேர்க்க வேண்டும்.