பெட்ரோலிலேயே கொஞ்சம் ஆக்சிஜன்

பெட்ரோலில் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். எரியத் தேவையான ஆக்சிஜன் முழுவதும் வெளிக்காற்றிலிருந்து வரவேண்டும்: ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று.

அதற்குக் கிடைக்கும் அவகாசமோ கொஞ்சம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் இன்ஜினில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க 10 மில்லி விநாடிதான் ஆகிறது. அதற்குள் கார்பன் முதலில் கார்பன் மோனாக்சைடாகி, பிறகு இன்னோர் ஆக்சிஜன் அணுவைப் பிடித்து கார்பன் டை ஆக்சைடாக வேண்டும். இந்த இரண்டாம் கட்டம் மெதுவானது. காற்று போதாவிட்டால் வேலை பாதியில் நிற்கும். நச்சு வாயு அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறும்.

இதற்கு ஒரு வழி, ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருளைப் பெட்ரோலில் கலப்பது. எத்தனால் என்ற ஆல்கஹாலின் எடையில் சுமார் 35 சதவீதம் ஆக்சிஜன். இதேபோல் கலக்கப்பட்ட எம்டிபிஇ என்ற ஈதர் வகை வேதிப்பொருளில் 18 சதவீதம். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்தால், கிலோவுக்கு வேண்டிய காற்று 14.1 கிலோவாகக் குறைகிறது. பழைய வண்டிகளில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. வழக்கமான அளவிலேயே எரிபொருளை விடும்; காற்று மிச்சப்படும், கார்பன் மோனாக்சைடு குறையும். குளிரில் இன்ஜினைக் கிளப்பும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கூடுதலாக ஊற்றுவார்கள். பலன் அங்கேதான் அதிகம். அமெரிக்காவில் டென்வர் நகரம் 1988-லேயே குளிர்காலத்தில் இத்தகைய பெட்ரோலைக் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுதான். 1990-ல் நாடு தழுவிய காற்றுத் தூய்மைச் சட்டத்தில் இதற்கான திருத்தமும் வந்தது.

இன்றைய வண்டிகளில் கதை வேறு. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், மிச்சமிருக்கும் காற்றை அளந்து கணினிக்குச் சொல்கிறது. கணினி உடனே எரிபொருளைக் கூட்டிச் சரிசெய்துவிடுகிறது. ஆக, ‘ஆக்சிஜன் கலந்தால் சுத்தமாக எரியும்’ என்பதை இப்போது முழுசாக நம்பத் தேவையில்லை. சென்சாரும், புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூடாவதற்கு முந்தைய நேரத்தில் மட்டுமே அந்தப் பேச்சுக்கு வலு. என் பார்வையில், எத்தனாலின் பெரிய உதவி வேறு இடத்தில் இருக்கிறது. அதன் ஆக்டேன் எண், அதாவது நேரங்கெட்டு வெடிக்காமல் தாங்கும் திறன், உயர்வு. அதனால் அப்படி வெடித்து இன்ஜின் ‘நாக்’ அடிக்காமலிருக்க, கரியை உண்டாக்கும் பென்சீன் வகைச் சேர்மங்களை அவ்வளவாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இதற்கு விலையும் உண்டு. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் சற்று இறங்கும். புகையில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் கூடும்.

எம்டிபிஇ மாட்டிக்கொண்டது காற்றில் அல்ல, தண்ணீரில். கசியும் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து எளிதாக நீரில் கரைந்து வெகுதூரம் பரவியது. துளி கலந்தாலே குடிநீர் நாறும். 1996-ல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் தன் கிணறுகளை மூட நேர்ந்தது. 2004 தொடக்கத்திலிருந்து அந்த மாநிலத்தில் எம்டிபிஇக்குத் தடை. அதன் இடத்துக்கு எத்தனால் வந்தது. எத்தனாலும் நீரில் கரையும், ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். தின்னும் மும்முரத்தில், பக்கத்தில் கசிந்திருக்கும் பென்சீனை அவை விட்டுவைப்பதும் உண்டு.