பேராசிரியர் பதியும் ஒரு மார்க் எங்கெல்லாம் போகிறது

பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒரு செமஸ்டரில் எழுதுபவை: தினசரி அட்டெண்டன்ஸ், ஐஏ (உள்மதிப்பீடு) மார்க், வருகை குறைந்தவர்களின் ஷார்ட்டேஜ் பட்டியல், சிஓ-பிஓ கணக்கு (பாடத்தின் கற்றல் விளைவு சிஓ, முழுப் படிப்பின் விளைவு பிஓ), ஆண்டு முடிவில் கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான அறிக்கையின் சான்றுகள். பெரும்பகுதி, ஏற்கெனவே ஓரிடத்தில் எழுதியதை வேறு கட்டத்தில் மறுபடி எழுதுவதுதான். கல்லூரி நிர்வாகம் முழுவதையும் ஓரிடத்தில் நடத்தும் இஆர்பி மென்பொருளின் வேலை இந்த மறு எழுத்தை ஒழிப்பது. ஒரு தகவலை ஒரே முறை, அது நடந்த நேரத்தில் பதிய வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகக் கிடைக்க வேண்டும். இதைச் செய்யாத மென்பொருள் ஆசிரியரின் சுமையைக் கூட்டத்தான் செய்யும்.

எல்லாம் தொடங்குவது மாணவரின் அடையாள எண்ணில். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது விடியூவில், அது யூஎஸ்என். மொத்தம் 10 இடம்: மண்டலத்துக்கு 1 (பெங்களூருக்கு எண் 1), கல்லூரிக்கு 2 எழுத்து, சேர்ந்த ஆண்டுக்கு 2 இலக்கம், துறைக்கு 2 எழுத்து, வரிசை எண் 3 இலக்கம். டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்களுக்கு வரிசை எண் 400-லிருந்து தொடங்கும். மென்பொருள் மாணவரைப் பெயரால் அல்ல, இந்த எண்ணால் அறிய வேண்டும்.

பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பது தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் பளிச்சென்று தெரியும். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வந்து இங்கே படிக்கிறவர்களின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'குமார் எஸ்' என்றிருக்கும். ஆதாரில் 'குமார் செல்வம்'. விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. அப்பா பெயரைப் போடுகிறார்கள், அல்லது இனிஷியலையே போடுகிறார்கள். அபார் என்ற 12 இலக்க மாணவர் எண் வழியாக, கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் தேசியத் தளமான அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் கிரெடிட் ஏற்றும்போது, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் அமைப்பு இந்த மூன்றையும் மூன்று ஆளாகப் பார்க்கிறது. சேர்க்கையின்போதே ஆதாரில் உள்ளபடி ஒரு பெயர், சான்றிதழில் உள்ளபடி ஒரு பெயர் என இரண்டு தனிப் புலங்களில் வாங்கி வைத்தால் கடைசி ஆண்டு அலைச்சல் மிச்சம்.

அடுத்தது அட்டெண்டன்ஸ். விடியூவில் 85 சதவீதம் வேண்டும். தக்க காரணம் இருந்தால் 10 சதவீதம் வரை விலக்கு உண்டு. வகுத்தல் கணக்குதானே என்று தோன்றும். தவறு நிகழ்வது வகுக்கும் எண்ணில். 40 வகுப்பில் 34-க்கு வந்தவருக்குச் சரியாக 85. ஆசிரியர் சனிக்கிழமை வகுப்பின் ஒரு பகுதியான ஒரு பேட்ச்சுக்கு மட்டும் 2 மணி நேரம் கூடுதலாக எடுக்கிறார், பதியும்போது 'பேட்ச்' என்பதற்குப் பதில் 'செக்‌ஷன்' என்று தேர்ந்துவிடுகிறார். அழைக்கப்படாத மற்ற பேட்ச்சுக்கும் மொத்தம் 42 ஆகிவிடும். 34-ஐ 42-ஆல் வகுத்தால் 80.95. அந்தப் பிள்ளை புதிதாக ஒரு வகுப்புகூடத் தவறவிடாமலே ஷார்ட்டேஜ் பட்டியலுக்குப் போய்விடுகிறார். கவுன்சலிங் கடைசிச் சுற்றில் சேர்ந்தவருக்கு இன்னொரு சிக்கல். சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடும் கல்லூரியில், அவர் வருமுன் 6 வகுப்பு முடிந்திருந்தால் மொத்தம் 34. 30-க்கு வந்திருந்தால் 88.2. சேர்ந்த தேதியைப் பதியாமல் விட்டால் அதே 30-ஐ 40-ஆல் வகுத்து 75 என்று காட்டும். பட்டியல் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொருவரின் 'மொத்த வகுப்பு' எண்ணையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். அந்த பேட்ச்சுக்கு உண்மையில் எடுத்த வகுப்போடு, தாமதமாகச் சேர்ந்தவருக்கு அவர் சேர்ந்த பின் எடுத்த வகுப்போடு, அது ஒத்துப்போகாவிட்டால் கோளாறு அங்கேதான்.

மென்பொருள் உண்மையில் கை கொடுக்கக்கூடிய இடம் சிஓ கணக்கு. பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-ல் இந்தியா முழு உறுப்பினரானது. இந்தியாவில் அத்தகைய படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்பிஏவிடம் அதைக் கேட்கும் கல்லூரி, ஒவ்வொரு பாடத்தின் கற்றல் விளைவும் எந்த அளவு எட்டப்பட்டது என்று எண்ணில் காட்ட வேண்டும். வழி இதுதான்: வினாத்தாளின் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு சிஓவோடு இணைக்க வேண்டும்; இலக்கு மதிப்பெண்ணை, உதாரணமாக 60 சதவீதத்தை, எத்தனை பேர் எட்டினார்கள் என்று எண்ண வேண்டும். 70 சதவீதம் பேர் எட்டினால் நிலை 3, 60 என்றால் 2, 50 என்றால் 1 என்று ஒரு கல்லூரி வைத்திருப்பதாகக் கொள்வோம்.

60 மாணவர். 10 மார்க் கேள்வி, 'இது அல்லது அது' என்ற தேர்வுரிமையோடு. 36 பேர் முதல் கேள்வியை எழுதினார்கள். அவர்களில் 27 பேருக்கு 6 அல்லது அதற்கு மேல். 27-ஐ 36-ஆல் வகுத்தால் 75 சதவீதம், நிலை 3. மற்ற 24 பேரின் கட்டம் காலியாக இருக்க வேண்டும். அங்கே யாராவது 0 என்று நிரப்பியிருந்தால் மென்பொருள் 27-ஐ 60-ஆல் வகுக்கும்: 45 சதவீதம், நிலை 1-கூடக் கிடையாது. எழுதவே இல்லை என்பதும், எழுதிச் சுழி வாங்கினார் என்பதும் தேர்வுக்கே வரவில்லை என்பதும் மூன்று வேறு செய்திகள். மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு இல்லாத மென்பொருளை வாங்கவே கூடாது என்பேன். சிஓவிலிருந்து பிஓவுக்குப் போவது எளிது: மூன்று சிஓக்கள் ஒரு பிஓவோடு எவ்வளவு தொடர்புள்ளவை என்று காட்டும் இணைப்பு எடை 3, 2, 1, எட்டிய நிலையும் 3, 2, 1 என்றால், இரண்டையும் பெருக்கி வரும் 9, 4, 1 கூட்டி 14, எடைகளின் கூட்டு 6-ஆல் வகுத்தால் 2.33.

இஆர்பி வாங்கியும் இடையில் எக்செல் வந்து உட்காரும். அங்கேதான் எண்கள் சாகின்றன. அபார் எண் உள்ள சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தால், 12 இலக்கம் என்பதால் எக்செல் அதை 1.23457 என்று சுருக்கி அடுக்குக்குறியோடு காட்டும். அப்படியே சேமித்தால் கோப்பில் எழுதப்படுவது அந்தச் சுருக்கம்தான். கடைசி 6 இலக்கமும் போய்விடும், பிறகு மீட்க முடியாது. '1-2' என்று கேள்வி எண் கொடுத்தால் தேதியாகிவிடும். எனவே காலி ஒர்க்புக்கைத் திறந்து, 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற தெரிவைக் கொடுங்கள். எல்லாம் எழுத்தாகவே வரும்.

கல்லூரி மென்பொருளிலிருந்து பல்கலைக்கழகத் தளத்துக்கு மார்க் தானாகப் போகாத இடங்களில் ஆசிரியர் கையால்தான் ஏற்ற வேண்டும். 2022 பாடத்திட்டத்தில் விடியூவில் உள்மதிப்பீடு 50-க்கு. தேர்ச்சிக்கு 20 வேண்டும். 19-க்கும் 20-க்கும் நடுவே ஒரு மாணவரின் செமஸ்டர் நிற்கிறது. கல்லூரி மென்பொருளிலும் பல்கலைக்கழகத் தளத்திலும் உள்ள கூட்டுத்தொகைகளை ஒப்பிடுவது நல்ல முதல் சோதனை. ஆனால் அடுத்தடுத்த இருவரின் மார்க் இடம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை மாறாது. அதற்கு ஒவ்வொரு மார்க்கையும் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். 17-ஆம் ஆளின் 38-உம் 18-ஆம் ஆளின் 41-உம் இடம் மாறினால் இந்தத் தொகையில் 3 வேறுபடும். பிறகு மார்க்கை இறுதியாக்கிப் பூட்டுமுன், அதை மாணவரின் லாகினில் இரண்டு நாள் காட்ட வேண்டும். தன் மார்க்கைத் தன்னைவிடக் கவனமாகப் பார்ப்பவர் எவருமில்லை.

பூட்டியபின் திருத்தம் வேண்டுமென்றால் ஹெச்ஓடி வழியாகத் திறக்கக் கேட்க வேண்டும். யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்ற தடம் மென்பொருளிலேயே இருக்க வேண்டும், பழைய மதிப்பும் அழியாமல். அலுவலகத்துக்கு ஒரே பாஸ்வேர்டு என்று பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இந்தத் தடத்தைப் பயனற்றதாக்கிவிடும்: பதிவில் ஒரு பெயர் இருக்கும், மாற்றிய ஆள் யாரென்று தெரியாது. நாகரபாவியிலுள்ள நாக் அலுவலகம் ஒரு எண்ணுக்குச் சான்று கேட்கும்போதும் முதலில் எடுத்துக்காட்ட வேண்டியது இந்தத் தடத்தைத்தான்.